சும்மாட்டைக் கேட்காமல் போனீர்கள்

வட்டார வழக்குச் சொற்களைத் தொகுக்கும் பேராசிரியர்களுக்கும், அவர்கள் ஊர் ஊராக அனுப்பிவைக்கும் ஆய்வு மாணவர்களுக்கும் வணக்கம்.

நான் துண்டு விற்றவன். சென்னிமலைச் சுற்றுவட்டாரத் தறிகளில் நெய்த துண்டுகளை மூட்டையாகக் கட்டி, பஸ் கூரையில் ஏற்றி, மன்னார்குடி, கும்பகோணம், கோவில்பட்டி, சங்கரன்கோவில், நாகர்கோவில், தக்கலை என்று கடை கடையாகப் போட்டுவிட்டு, அடுத்த நடையில் வசூல் பண்ணிக்கொண்டு வருவது முப்பது வருடம் என் பிழைப்பு. இப்போது கடை மகன் கையில். நான் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிற ஆள். அப்படி உட்கார்ந்திருந்த ஒரு காலையில்தான் உங்கள் மாணவர்கள் இரண்டு பேர் வந்தார்கள்.

நல்ல பிள்ளைகள், மரியாதையாகப் பேசினார்கள். உழைக்கிற சனம் தலையில் அணிகிறவற்றுக்கு ஊருக்கு ஊர் என்ன பெயர் என்று சேகரிக்கிறார்களாம். கேட்டதும் எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம். எதிரே லாரியிலிருந்து நூல் மூட்டை இறக்கிக்கொண்டிருந்த நாலு பேரை நானே கூப்பிட்டு விட்டேன். அந்தப் பெண் டேப்லெட்டில் ஒரு படம் காட்டினாள். பெரிய மீசையும் சிவப்புப் பாகையுமாக வடநாட்டுக்காரர் ஒருவர்.

"இதுக்கு உங்க ஊர்ல என்னங்கண்ணா சொல்லுவீங்க?"

"தலப்பாதான் அம்மிணி."

மற்ற மூன்று பேரும் தலையாட்டினார்கள். ஒரு டிக். அடுத்த படம் காந்தி குல்லா. "குல்லா." இன்னொரு டிக். மூன்றாவது பனையோலைத் தொப்பி. "தொப்பி." பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது. நாலு பேருக்கும் டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, எனக்கும் ஒரு வணக்கம் வைத்துவிட்டுப் பிள்ளைகள் பஸ் ஏறிவிட்டார்கள்.

அந்த நாலு பேர் தலையிலும் அப்போது துண்டு இருந்தது. ஒருவர் தலையிலும் அது தலைப்பாவாக இல்லை. சுமைக்கு அடியில் மெத்தையாக வைக்கிற சும்மாடாக இருந்தது. அதைப் பற்றி ஒரு கேள்விகூட வரவில்லை. அப்போதே வாயைத் திறந்து சொல்லியிருக்க வேண்டும். படித்த பிள்ளைகள் முன்னால் நாம் என்ன சொல்வது என்று இருந்துவிட்டேன். அந்த உறுத்தலில்தான் இந்த மடல்.

உங்கள் பிள்ளைகள் ஒரு பொருளைக் காட்டி அதற்குப் பெயர் கேட்டார்கள். இந்த விஷயத்தில் அது செல்லாது. பொருள் ஒன்றுதான், துண்டு. அது எங்கே, எப்படி இருக்கிறது என்பதை வைத்துத்தான் பெயர். தோளில் கிடந்தால் துண்டு, மேல்துண்டு. தலையைச் சுற்றினால் தலைப்பா. திருகிச் சுருட்டி உச்சியில் வைத்தால் சும்மாடு. வெயிலுக்கு விரித்துப் போட்டால் முக்காடு. இதே துண்டு மாட்டுச் சந்தையில் தரகர் கையை மூடினால் விலைச்சீட்டு. அந்தியூர் சந்தையில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும், துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்தே பேரம் முடிந்துவிடும், பக்கத்தில் நிற்கிறவனுக்குத் தொகை தெரியாது. பஸ் சன்னலுக்குள் எறிந்தால் அது சீட்டு ரிசர்வேஷன். தொழிலில் நொடித்துப்போனவனைத் 'தலையில் துண்டு போட்டுக்கொண்டு போய்விட்டான்' என்கிறோம். அங்கேயும் துண்டு தலையில்தான் இருக்கிறது, ஆனால் அதைத் தலைப்பா என்று யாராவது சொல்வார்களா?

பெயரைக் கேட்டால் மட்டும் போதாது, வினையையும் கேளுங்கள் என்று இதனால்தான் சொல்கிறேன். தலைப்பா கட்டுவது. சும்மாடு கூட்டுவது. முக்காடு போடுவது. தொப்பி வைப்பது. சும்மாட்டைக் 'கூட்டுகிறார்கள்' என்ற ஒரு சொல்லுக்குள்ளேயே துண்டை நீளவாக்கில் மடித்து, முறுக்கி, வளைத்து, நுனியை உள்ளே செருகுகிற மொத்தக் கைவேலையும் இருக்கிறது. உங்கள் டேப்லெட்டில் அதற்குக் கட்டம் இல்லை.

சும்மாடும் ஒரே மாதிரி கிடையாது. தண்ணீர்க் குடத்துக்கு வளையமாக, நடுவில் குழி இருக்க வேண்டும். குடத்தின் அடி உருண்டை. அரிசி மூட்டைக்குப் பரந்து தட்டையாக, பிடரிவரை வர வேண்டும். கட்டட வேலையில் சித்தாள் பெண்கள் கலவைச் சட்டிக்குக் கூட்டுவது சின்னது, இறுக்கமானது. செங்கல் சூளையில் அதற்கு மேல் ஒரு பலகை வைத்துக் கல்லை அடுக்குவார்கள். மீன் கூடைக்காரப் பெண்கள் தண்ணீர் சொட்டாமல் இருக்க மேலே ஒரு பாலிதீன் தாளை வைத்துக்கொள்வார்கள். புல்லுக்கட்டு தூக்குகிறவள் பெரும்பாலும் முந்தானையையே சுருட்டிக்கொள்வாள். சும்மாடு, சிம்மாடு என்று சொல்லும் வாய்க்கு வாய் நெளியும். ஒரே ஊரில் இரண்டையும் கேட்டிருக்கிறேன். இதனோடு குழப்பிக்கொள்ளக் கூடாத இன்னொன்று பிரிமணை. வைக்கோலைப் புரியாகத் திரித்து வளையமாகக் கட்டியது. பானைக்கு அடியில் தரையில் இருப்பது. வடிவம் ஒன்றே ஆனாலும் தலைக்கு ஒரு சொல், தரைக்கு ஒரு சொல். இதைப் பிரித்து வைத்தவர்கள் எழுதப் படிக்கத் தெரியாத பெண்கள்.

உங்களுக்குத் தெரியாத செய்தி ஒன்றும் இல்லை, ஆனாலும் சொல்கிறேன். பத்துப்பாட்டில் பெரும்பாணாற்றுப்படையில் மோர் விற்கப் போகிற ஆயர்மகள் வருகிறாள். தயிரைக் கடைந்து, மோர்ப்பானையைத் தலையில் 'பூஞ்சுமட்டின்' மேல் இருத்திக்கொண்டு போகிறாள். பூப்போல மெத்தென்ற சுமடு. நூலகத்தில் இந்த வரியைப் பார்த்த அன்று என்னால் உட்கார முடியவில்லை. அந்தச் சுமடுதான் என் கடை வாசலில் மூட்டை இறக்கிய நாலு பேர் தலையில் இருந்த சும்மாடு. மலையாளத்தில் அதே சொல் சுமைக்கே பெயராகிவிட்டது. கேரளத்தில் தலைச்சுமைத் தொழிலாளருக்கென்று 1978-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. அங்கே அவர்களுக்குச் 'சுமட்டுத் தொழிலாளி' என்றே பெயர். நம் பக்கம் 1982-இல் வந்த சட்டத்தில் 'உடலுழைப்புத் தொழிலாளர்' என்று இருக்கிறது. சங்கப் பாட்டுச் சொல் அவர்கள் சட்டத்தில், நமக்கு ஒரு புதுச் சொல். போகட்டும். அங்கே தலையில் வைக்கிற வளையத்துக்குத் தெரிக என்று தனியாக ஒரு பெயர் இருக்கிறது. கன்னடத்தில் சிம்பி.

இதற்கு நேர்மாறாக, தலையைச் சுற்றிக் கட்டுவதற்கு இன்று நாம் சொல்கிற பெயர்களைப் பாருங்கள். உருமால் பாரசீகத்திலிருந்து வந்தது. ரூ என்றால் முகம், மால் என்றால் துடைப்பது, ஆக முகம் துடைக்கும் துணி. கர்ச்சீப்புக்கு வடக்கே ரூமால் என்பார்கள்; அதுவே கொங்குநாட்டில் உருமாலையாகி மாப்பிள்ளை தலையில் ஏறிவிட்டது, கல்யாணத்தில் உருமாலை கட்டு என்று ஒரு சடங்கே உண்டு. முண்டாசுக்கு மராத்தியிலும் கன்னடத்திலும் உறவு இருக்கிறது. தலைப்பாகையில் இருக்கிற பாகை, இந்தியில் உள்ள பாக், பகடி என்பதோடு சேர்ந்தது. அந்தப் பாகுக்கே தலையில் கட்டுவது என்றுதான் பொருள். அதற்கு முன்னால் நாம் இன்னொரு தலையைச் சேர்த்திருக்கிறோம், நடுசென்டர் என்பது மாதிரி. படையும் அரண்மனையும் கச்சேரியும் எங்கெங்கிருந்து வந்தனவோ அங்கிருந்தெல்லாம் கௌரவத் தலைப்பாவுக்குப் பெயர் வந்தது. சுமக்கிறவன் தலைத்துணிக்கு வெளியிலிருந்து யாரும் பெயர் கொண்டுவரவில்லை. அது பழைய பெயரோடேயே கிடக்கிறது. துண்டு விற்றவனாக நான் இதைப் பல நாள் யோசித்திருக்கிறேன். ஒரு ஆய்வேட்டுக்கு இது போதாதா?

முண்டாசு பற்றி இன்னொன்று. இந்தச் சொல் இப்போது பாரதியாருக்கு மட்டுமே என்று ஆகிவிட்டது. என் பேத்தியிடம் முண்டாசு என்றால் என்ன கண்ணு என்று கேட்டேன். "பாரதியார் தாத்தா" என்றாள். பள்ளிக்கூட மாறுவேடப் போட்டிக்கு வருடா வருடம் எங்கள் கடையில் வெள்ளைத் துண்டு வாங்க வருகிறவர்கள், "முண்டாசுத் துணி குடுங்க" என்றுதான் கேட்கிறார்கள். பாதகமில்லை, சொல் அப்படியாவது பிழைத்துக் கிடக்கிறது.

தெற்கே போனால் துண்டுக்கே பெயர் மாறும். நாகர்கோவில், தக்கலைப் பக்கம் துவர்த்து என்பார்கள். துவட்டு என்று நாம் சொல்வது அங்கே துவர்த்து. அதே துணி, அதே இரண்டரை முழம், பில்லில் மட்டும் வேறு பெயர். தூத்துக்குடிக் கடைக்காரர் ஒருவர் அப்பா காலத்தில் கார்டு போட்டார், 10 டஜன் லேஞ்சி அனுப்பவும் என்று. அப்பா அதை லுங்கி என்று படித்து 10 டஜன் லுங்கியைப் பார்சல் பண்ணிவிட்டார். அவர் கேட்டது கைக்குட்டை. போர்த்துக்கீசியர் லென்சு என்று சொன்னது அந்தக் கடற்கரையிலும் யாழ்ப்பாணத்திலும் லேஞ்சியாக நிற்கிறது. வியர்வை கண்ணில் இறங்காமல் இருக்க நெற்றியைச் சுற்றி அதைக் கட்டிக்கொண்டு கடலுக்குப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அப்பா லுங்கியைத் திருப்பி எடுக்க பஸ் செலவு பண்ணித் தூத்துக்குடி போய் வந்தார். அதிலிருந்து எங்கள் வீட்டில் யாராவது சொன்னதைத் தப்பாகக் கேட்டால் "லேஞ்சியா லுங்கியா?" என்று கேட்பதுதான் வழக்கம்.

மழைக்கு வருகிறேன். தலையில் போடுவதிலேயே எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். ஒரு சணல் சாக்கை எடுத்து, அடிப்பக்கத்து மூலை ஒன்றை உள்ளே தள்ளி மறு மூலைக்குள் பொருத்தினால் கூம்பு மாதிரி ஒரு முக்காடு ஆகிவிடும். தலையில் மாட்டினால் முதுகு முழுக்க மூடும், கை இரண்டும் வேலைக்கு மிச்சம். எங்கள் கொங்குப் பக்கம் இதற்குக் கொங்காடை என்று பெயர். டெல்டாவிலும் தெற்கேயும் கொங்காணி என்பார்கள். மன்னார்குடியில் ஒரு ஐப்பசி மழையில் கடை வாசலில் நனைந்துகொண்டு நின்றபோது, "கொங்காணி ஒண்ணு போட்டுக்கிட்டுப் போங்களேன் அண்ணே" என்று ஒரு பெரியவர் சாக்கை நீட்டினார். நான் கொங்காடை என்றேன். அவர் சிரித்தார். "ஒங்க ஊர் பேரையும் சேத்து மடிச்சிருக்கீங்க" என்றார்.

கன்னட மலைநாட்டில் இதே வேலைக்கு இலைகளாலும் பிரம்பாலும் பின்னிய கொரபு உண்டு. துளுநாட்டில் பாக்குத் தோட்டத்து ஆட்கள் கமுகம் பாளையை மடித்துத் தைத்து முட்டாளெ என்று வைத்துக்கொள்வார்கள். கேரளத்தின் வடகோடியில் அது பாளைத்தொப்பி. ஊரில் எந்த மரம் விளைகிறதோ அந்த மரத்திலிருந்து தலைக்கு ஒன்று. நம் ஊரில் சணல் சாக்கு யூரியா சாக்காக மாறியதும் கொங்காடை பிளாஸ்டிக் ஆனது, அப்புறம் ரெயின்கோட் வந்தது. கொங்காடை போட்டு நாற்று நட்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள், எழுபது வயதில். எந்த மூலையை எந்த மூலைக்குள் தள்ளுவது என்று அவர்கள் கை இன்னும் மறக்கவில்லை. பிள்ளைகளை அனுப்புவதானால் இந்த மழைக்காலத்திலேயே அனுப்புங்கள். கையில் சாக்கைக் கொடுத்துவிட்டுக் கேட்கச் சொல்லுங்கள்.

கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்குச் சென்னைக் கடற்கரையிலேயே சாட்சி இருக்கிறது. அங்கே துறைமுகம் கட்டுவதற்கு முன்னால் கப்பல்கள் கரைக்கு வர முடியாமல் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். நடுவில் அலை. அந்த அலையில் கட்டுமரத்தில் போய்க் கப்பலுக்குக் கடிதம் கொடுத்து வந்தவர்கள், கடிதத்தை நனையாமல் வைத்தது தலையில் மாட்டியிருந்த கூரான பாய்த் தொப்பிக்குள். அந்தக் காலத்தில் வந்த வெள்ளைக்காரப் பயணிகள் இதைப் பார்த்து வியந்து எழுதியிருக்கிறார்கள். தொப்பி கூராக இருந்தது, தண்ணீர் புகாமல் இருந்தது, எல்லாம் இருக்கிறது. நான் படித்த குறிப்புகளில் கட்டுமரக்காரர் தம் தொப்பியை என்ன சொல்லி அழைத்தார் என்பது மட்டும் இல்லை. எழுதியவர்கள் படம் பார்த்தவர்கள், கேட்டவர்கள் இல்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள், உங்கள் டேப்லெட் அதைத்தான் செய்கிறது.

இனி ஒரு சங்கடமான விஷயம். தலைப்பா யார் கட்டலாம், எங்கே வரைக்கும் கட்டலாம் என்பதும் வழக்கில் சேர்ந்ததுதானே? பண்ணைக்காரர் எதிரே வந்தால் தலையில் இருக்கிற துண்டு இடுப்புக்கோ கக்கத்துக்கோ போய்விட வேண்டும் என்று ஊர்க்கட்டுப்பாடு இருந்த நாடு இது. நான் சின்னப் பையனாகக் கடையில் இருந்தபோது ஒரு பெரியவர் சிவப்புக் கரைத் துண்டு வாங்கினார். தொட்டுத் தொட்டுப் பார்த்தார், தலையில் கட்டியும் பார்த்தார், எங்கள் கண்ணாடியில் முகம் பார்த்துக்கொண்டார். அப்புறம் அவிழ்த்து மடித்துப் பைக்குள் வைத்தார். "கட்டிட்டே போங்க, நல்லாத்தானே இருக்குது" என்றார் அப்பா. "ஊருக்குள்ள நொழையறப்ப மறந்துட்டேன்னா வம்புங்க சாமி" என்றார் அவர். அவர் அப்பாவைவிட மூத்தவர். அப்பாவைச் சாமி என்றார்.

1930-இல் இராமநாதபுரம் வட்டாரத்தில் ஆதிதிராவிடர்கள் மேல் எட்டுத் தடைகள் போட்டது வரலாற்றில் பதிவாகியிருக்கிறது. முழங்காலுக்குக் கீழே துணி இறங்கக் கூடாது, இடுப்புக்கு மேலே ஏறக் கூடாது, சட்டை கூடாது, நகை கூடாது, குடை கூடாது, செருப்பு கூடாது என்று போகிறது அந்தப் பட்டியல். இதைப் படித்த பிறகு 'அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்தராத்திரியில் குடை பிடிப்பான்' என்ற பழமொழி என் காதில் வேறு மாதிரி விழுகிறது. பகலில் பிடிக்க விட்டால் அவன் ஏன் ராத்திரியில் பிடிக்கப் போகிறான்? நம் அகராதிகளில் 'துண்டு' என்ற பதிவுக்குக் கீழே இதெல்லாம் வர வேண்டும். கட்டுவது எப்படி ஒரு சொல்லோ, அவிழ்ப்பதும் அப்படி ஒரு சொல். யார் முன்னால் அவிழ்த்தார்கள் என்று கேட்டு எழுதுங்கள். சொல்லத் தயங்குவார்கள், அதனால் டீக்கடை வாசலில் நாலு பேர் முன்னால் கேட்காதீர்கள்.

பெண்கள் பற்றி உங்கள் கேள்வித்தாளில் ஒன்றுமே இல்லை. தலையணி என்றதும் ஆம்பளைத் தலைதான் உங்களுக்குத் தோன்றியிருக்கிறது. சுமை அதிகம் ஏறிய தலை பெண்கள் தலை. வழியோரச் சுமைதாங்கிக் கல்லைப் படம் பிடித்து எழுதியவர்கள் நிறையப் பேர். வயிற்றில் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக அதை நடுவார்கள் என்பதும் எழுதியாயிற்று. அந்தக் கல்லில் சுமையை இறக்கிவைத்துவிட்டுச் சும்மாட்டை உதறிக் கழுத்தைத் துடைத்துக்கொண்டவளிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. இப்போது நூறு நாள் வேலைக்குப் போகிற பெண்கள் சேலைக்கு மேல் புருஷன் சட்டையைப் போட்டு, தலையில் ஆம்பளைத் துண்டைச் சுற்றிக்கொண்டு மண் வெட்டுகிறார்கள். பத்து இருபது வருடத்துக்குள் வந்த பழக்கம் இது. எங்கள் கடையில் துண்டு வாங்குகிறவர்களில் பாதிப் பேர் இப்போது பெண்கள், தங்களுக்குத்தான் வாங்குகிறார்கள். இதைத் தலைப்பா என்று அவர்கள் சொல்வதில்லை. "துண்டு கட்டிக்கிறது" என்கிறார்கள். புதுச் சொல் ஒன்று உருவாகப் போகிறதா, இல்லை இப்படியே நிற்குமா என்று பார்க்க வேண்டிய நேரம்.

கோத்தகிரியில் எனக்கு ஒரு வாடிக்கைக்கார அம்மா இருந்தார். 1964 சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கைத் தோட்டத்திலிருந்து இங்கே வந்து சேர்ந்த குடும்பம். அவர் பேச்சில் தலையோடு சேர்ந்த சொல் கம்பளி. மலைக் குளிருக்கும் மழைக்கும் தலையிலிருந்து முதுகுவரை போர்த்துவது. இடுப்பைச் சுற்றிக் கட்டுவது படங்கு. செடியில் உரசி ஈரமாகாமல் இருக்க. கொழுந்துக் கூடையின் கயிறு உச்சந்தலையில் அழுத்தும் இடத்தில் கம்பளி மடிப்பு நின்றுகொள்ளும், அதுதான் எங்களுக்குச் சும்மாடு என்றார். தோட்டத் துரைமார் தங்கள் இங்கிலீஷிலேயே இந்தக் கம்பளியைக் கம்பிளி என்று எழுதிவைத்திருக்கிறார்கள். உருமாலை நாம் வாங்கினோம், கம்பளியைக் கொடுத்தோம், கணக்கு நேர். அதே கோத்தகிரியில் படகர் பெரியவர்கள் விசேஷத்துக்குக் கட்டுவது மண்டரெ. மண்டெ என்றால் தலை. அது வேறு மொழி, உங்கள் பட்டியலில் சேராது என்பீர்கள். ஓரத்தில் குறித்தாவது வையுங்கள்.

அகராதிகளைக் குறை சொல்ல எனக்குத் தகுதி கிடையாது. வின்சுலோ 1862-இல் 67,452 சொற்களோடு அகராதி போட்டார். சென்னைப் பல்கலைக்கழகத்துப் பேரகராதி 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது. வையாபுரிப் பிள்ளை அதைச் செய்து முடித்தது பெரிய காரியம். இப்போது அது இணையத்திலேயே கிடைக்கிறது, மகன் எழுத்தைப் பெரிசாக்கிக் கொடுப்பான், நான் படிப்பேன். அதில் சில சொற்களுக்குத் திருநெல்வேலி, நாஞ்சில்நாடு, யாழ்ப்பாணம் என்று இடம் காட்டும் குறி இருக்கிறது. வேறு பல சொற்களுக்கு 'லோக்.' என்ற ஒரு குறிதான், அதாவது எங்கேயோ ஓரிடத்து வழக்கு. எந்த இடம் என்று இல்லை. மூட்டை மேல் ஊர் பெயர் எழுதாமல் பஸ்ஸில் ஏற்றினால் அது எங்கே போய் இறங்கும்? சின்ன ஊர்க்காரரான எழுத்தாளர் கி. ராஜநாராயணன் 1982-இல் கரிசல் சனங்களோடு உட்கார்ந்து வட்டார வழக்குச் சொல்லகராதி ஒன்றைக் கொண்டுவந்தார். பிறகு கொங்குக்குப் பெருமாள்முருகன், நடுநாட்டுக்குக் கண்மணி குணசேகரன். மூன்று பேரும் கதாசிரியர்கள். சொல் வேண்டும் என்றால் திண்ணையில் நாலு மணிநேரம் சும்மா இருக்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. பத்து நிமிடத்தில் பஸ் ஏறவில்லை.

பழமொழிகளையும் விட்டுவிடாதீர்கள். 'தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போச்சு' என்பது எல்லோருக்கும் தெரியும். எங்கள் கடை எதிரே மூட்டை தூக்குகிறவர்களில் மூத்தவர் ஒருவர் இதை மாற்றிச் சொல்வார்: "தலப்பா கட்டுனவனுக்குத் தலப்பாவோட போகும், நமக்குச் சும்மாட்டோட நிக்காது." ஒருமுறை மூட்டை சரிந்து அவர் கழுத்துப் பிசகி ஆறு மாதம் வீட்டில் கிடந்தார். எழுந்து வந்த அன்று சொன்ன வார்த்தை இது. உங்கள் மாணவர்கள் வந்த அன்று அவரும் அந்த நாலு பேரில் ஒருவர். 'தலப்பா' என்று முதலில் பதில் சொன்னவர் அவர்தான்.

மாணவர்கள் போன பிறகு அவரிடம் கேட்டேன். "ஏனுங்க, தலையில சும்மாட்ட வெச்சுக்கிட்டுத் தலப்பான்னு சொல்லி அனுப்பிட்டீங்களே?" அவர் சிரித்தார். "அந்த அம்மிணி போட்டோவத்தானுங்க காட்டுச்சு. என் தலைய எங்க காட்டுச்சு?"

அடுத்த முறை பிள்ளைகளை அனுப்பும்போது டேப்லெட் இருக்கட்டும், கூடவே ஒரு துண்டும் ஒரு சணல் சாக்கும் கொடுத்தனுப்புங்கள். விடியற்காலை லாரி வருவதற்கு முன்னால் வந்தால் அந்தப் பெரியவர் ஓய்வாக இருப்பார், பேசுவார். துண்டை மறந்துவிட்டாலும் பரவாயில்லை. எங்கள் கடையிலேயே எடுத்துக்கொள்ளலாம், ஆராய்ச்சிக்கென்றால் மகனிடம் அசல் விலைக்குப் போடச் சொல்கிறேன்.

இப்படிக்கு,
சென்னிமலைத் துண்டு வியாபாரி ஒருவன்